ஆறு மில்லிமீற்றர் இடைவெளி

(திருகோணமலையில் சைக்கிளோட்டிகள், மாணவர்கள், சைக்கிள் திருத்துநர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



காபன் பிரேம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். விடியற்காலையில் உட்துறைமுக வீதியிலும் நிலாவெளி வீதியிலும் அந்தச் சைக்கிள்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து போவதை இப்போது பார்க்கிறோம். புதிதாக வாங்கியவர்கள் சிலர். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினர் மூலம் பழையதை எடுப்பித்தவர்கள் வேறு சிலர். வாங்க நினைக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தக் காபன் பிரேம் உடம்பை உலுக்காது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீதியின் உலுக்கலைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்றுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதுதான் பிரேமின் பங்கு. ஆகவே விலை கேட்பதற்கு முன்னால், நிறை கேட்பதற்கு முன்னால், "இதற்குள் எத்தனை மில்லிமீற்றர் டயர் ஏறும்?" என்று கேளுங்கள். இன்று நான் பேசப்போவது முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

எங்கள் வீதிகளிலிருந்து தொடங்குகிறேன். ஹபரணைப் பக்கமிருந்து வரும் ஏ-6, அநுராதபுரத்திலிருந்து வரும் ஏ-12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ-15, வடக்கே குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வீதி எல்லாம் யுத்தம் முடிந்த பிறகு திருத்தப்பட்டு, பெரும்பகுதி காபட் வீதியாகிவிட்டன. அவற்றில் மெல்லிய டயரும் ஓடும். ஆனால் வீடும் பள்ளிக்கூடமும் வயலும் வாடியும் காபட் வீதியின் ஓரத்தில் மட்டும் இல்லை. நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் மணல். மேற்கே வயற்பக்கம் திரும்பினால் கிரவல். தம்பலகாமத்து வயலோரங்கள், மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து உள்வீதிகள், குளக்கட்டுகள், இவற்றையெல்லாம் நினைத்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிரவல் காய்ந்து குறுக்கே வரிவரியாக எழும்பி நிற்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அதே கிரவல் சேறாகி டயரில் அப்பிக்கொள்ளும். ஒரே மாவட்டத்தில், ஒரே நாள் ஓட்டத்தில், ஒரே சைக்கிள் இவ்வளவையும் சந்திக்க வேண்டும்.

பாலங்கள் வந்த பிறகு அந்த ஓட்டம் நீண்டும் விட்டது. 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முன்பு அந்த நீரைக் கடக்கச் சைக்கிளைப் பாதை என்ற மிதவைப் படகில் ஏற்றித்தான் போக வேண்டும். இன்று நகரத்தில் ஏறிய ஒருவர் இறங்காமலே கிண்ணியா, மூதூர், வெருகல் என்று தெற்கே போய்க்கொண்டிருக்கலாம். அத்தனை தூரம் உடம்பு தாங்க வேண்டுமென்றால் சைக்கிள் சரியாக இருக்க வேண்டும்.

இது பொழுதுபோக்குக்காரர் சிலரின் விவகாரம் என்று யாராவது நினைத்தால், 2022ஆம் ஆண்டை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். சீனக்குடாவில் இரண்டாம் உலகப்போருக்கு முன் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றில் ஒன்று அழிந்தது. அந்தத் தாங்கிகள் எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்ற உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. அடுத்த சில மாதங்களில் இந்த நாடு முழுவதும், தாங்கிகள் நிற்கும் எங்கள் ஊரிலும், மக்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றார்கள். ஆசிரியரும் எழுதுவினைஞரும் தாதியரும் பரணில் கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்தார்கள். சைக்கிளின் விலை மடங்கு மடங்காக ஏறியது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதல்ல. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனங்கள் அவர்கள். எண்ணெய் இல்லாத நாளில் எஞ்சி நிற்கும் வண்டி இது. அதில் ஏறுபவரின் முதுகும் மணிக்கட்டும் நோகாமல் இருக்க வேண்டும் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இனி டயருக்கு வருவோம்.

70 கிலோ நிறையுள்ள ஒருவர் 10 கிலோ சைக்கிளில் ஏறியிருக்கிறார். மொத்தம் 80 கிலோ. அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 45 கிலோ, பின் சில்லில் இறங்கும். டயரில் 100 பவுண்ட் காற்று அடித்திருந்தால், அது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7 கிலோ அமுக்கம். 45ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆறரைச் சதுர சென்ரிமீற்றர். ஒரு பெரிய தபால் முத்திரையின் அளவுதான் வீதியைத் தொடுகிறது. காற்றை 50 பவுண்டாகக் குறைத்தால் தொடும் இடம் 13 சதுர சென்ரிமீற்றராகும். டயர் சற்றுத் தாழ்ந்து, சிறு கல்லைத் தன் உடம்புக்குள் விழுங்கிக்கொண்டு உருளும். கல்லின் மேல் ஏறி விழாது. சுகமான ஓட்டம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இவ்வளவுதான்.

அப்படியானால் மெல்லிய டயரிலேயே காற்றைக் குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. 23 மில்லிமீற்றர் டயரில் 50 பவுண்ட் வைத்துக்கொண்டு ஒரு கிடங்கில் விழுந்தால் டயர் முழுவதும் அமுங்கி ரிம் நேரே கல்லில் மோதும். டியூபில் பாம்பு கடித்ததுபோல இரண்டு துளை விழும். ரிம் காபனாக இருந்தால் வெடிக்கவும் கூடும். காற்றைக் குறைக்க வேண்டுமானால் டயர் தாழ்வதற்கு உயரம் வேண்டும். உயரம் வேண்டுமானால் டயர் அகலமாக இருக்க வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பு அகலத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், 23 மில்லிமீற்றர் டயரை விட 28 மில்லிமீற்றர் டயருக்குள் ஒன்றரை மடங்கு காற்று இருக்கிறது. 40 மில்லிமீற்றர் டயருக்குள் மூன்று மடங்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். அகலமான டயரை வாங்கிப் பூட்டிவிட்டு, பழைய பழக்கத்தில் அதே 100 பவுண்டை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டயரின் துணியில் ஏற்படும் இழுவிசை, அமுக்கத்தையும் அகலத்தையும் பெருக்கிய அளவுக்குக் கூடும். ஆகவே அகலமான டயரில் அதே அமுக்கம் என்றால் அது மத்தளத்துத் தோலாக விறைத்து, மெல்லிய டயரை விட மோசமாக உலுக்கும். ரிம்மும் அந்த இழுவிசையைத் தாங்காமல் போகலாம். 70 கிலோக்காரருக்கு 25 மில்லிமீற்றருக்கு 90 பவுண்ட் என்றால், 32 மில்லிமீற்றருக்கு 55 அல்லது 60, 40 மில்லிமீற்றருக்கு 40 அளவில் தொடங்கலாம். பிறகு இரண்டு மூன்று பவுண்டாகக் கூட்டிக் குறைத்து உங்கள் வீதிக்கும் உடம்புக்கும் ஏற்றதைக் கண்டுபிடியுங்கள். கோணேசர் கோயில் வாசலில் வெயிலில் விட்டுவிட்டுப் போகும்போது டயரின் வெப்பநிலை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறினால், 80 பவுண்ட் காற்று 89 அளவுக்குக் கூடிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அகலமான டயர் சைக்கிளை மந்தமாக்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காற்று டயரின் கதையே சுகத்தில் தொடங்கி வேகத்தில் முடிந்த கதை.

றொபேட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1845இலேயே காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அப்போது அதைப் பூட்டச் சைக்கிள் இல்லை. குதிரை வண்டிகளுக்கு அது பெரிய அளவில் பயன்படாமல் மறந்துபோனது. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்தில் தொழில் செய்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தொம்சனைப் பற்றித் தெரியாமலே, தன் மகனின் மூன்று சில்லு வண்டி கல்பதித்த தெருவில் உலுக்காமல் ஓட வேண்டும் என்று இறப்பர்க் குழாய்க்குள் காற்றடைத்துப் பூட்டினார். பிள்ளையின் சுகம் மட்டுமே அவருடைய நோக்கம். அடுத்த ஆண்டு மே மாதம் வில்லி ஹியூம் என்ற ஓட்டக்காரர் அந்த டயருடன் பெல்பாஸ்ற் போட்டியில் இறங்கி, திண்ம இறப்பர் டயரில் ஓடியவர்களை வென்றார். சில ஆண்டுகளுக்குள் திண்ம டயர் பந்தயத்திலிருந்தே மறைந்தது. சுகத்துக்காகச் செய்த டயர் வேகத்தையும் தந்ததன் காரணத்தை அன்று யாரும் சரியாக விளக்கவில்லை.

டயருக்கு வேண்டிய இறப்பருக்கும் எங்கள் நாட்டுக்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் லண்டன் கியூ பூங்காவில் முளைத்த சுமார் 1,900 கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தாய்மரங்களில் அவை முக்கியமானவை. இந்தத் தகவலை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

டன்லொப்புக்குப் பிறகு பந்தயக்காரர்கள் டயரை ஒடுக்கிக்கொண்டே போனார்கள். தொண்ணூறுகளில் 20, 21, 23 மில்லிமீற்றர். அமுக்கம் 120 பவுண்டுக்கு மேல். அதற்கு ஆய்வுகூடச் சான்றும் இருந்தது. வழுவழுப்பான இரும்பு உருளையின் மேல் டயரைச் சுழற்றி இழப்பை அளந்தால், அமுக்கம் கூடக்கூட இழப்புக் குறையும். ஆனால் அந்த உருளையில் கல் இல்லை, கிடங்கு இல்லை, சைக்கிளின் மேல் ஆளும் இல்லை. அமெரிக்காவில் ஜான் ஹைனே நடத்திய பைசிக்கிள் குவாட்டர்லி என்ற இதழ் 2000களின் நடுப்பகுதியிலிருந்து உண்மையான வீதியில், உண்மையான ஆளை ஏற்றிப் பரிசோதித்தது. கரடான பரப்பில் விறைத்த டயர் சைக்கிளையும் ஆளையும் மேலும் கீழும் தூக்கிப் போடுகிறது. அந்த அசைவைத் தசையும் கொழுப்பும் உள்ளுறுப்புகளும் உறிஞ்சி வெப்பமாக்குகின்றன. அந்தச் சக்தி ஓட்டுபவர் பெடலில் கொடுத்தது. உடம்பு உலுக்குப்படும்போது சக்தி வீணாகிறது. உலுக்கலைக் குறைத்தால் சக்தி மிச்சம். டன்லொப்பின் மகன் சுகமாக ஓடியதற்கும் வில்லி ஹியூம் வென்றதற்கும் காரணம் ஒன்றேதான்.

பந்தய அணிகளும் மெல்ல மெல்ல இதை ஏற்றுக்கொண்டன. 23, 25 ஆனது. 25, 28 ஆனது. இன்று பிரான்ஸ் சுற்றோட்டத்தில் 28, 30 சாதாரணம். பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 50 கிலோமீற்றருக்கு மேல் கல்பதித்த பாதை இருக்கிறது. அங்கே 32 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் பூட்டுகிறார்கள். அதே பந்தயத்தில் 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டும் கில்பேர் டுக்லோ லசால் முன் போர்க்கில் அதிர்வுதாங்கி பூட்டி வென்றார். அதைப் பார்த்து எல்லோரும் அந்த வழியில் போவார்கள் என்று நினைத்தார்கள்; போகவில்லை. நிறை கூடியது, சிக்கல் கூடியது. கடைசியில் டயரை அகலமாக்குவதே எளிய தீர்வாக நின்றது.

இப்போது பிரேம். காபன் பிரேமைக் குறைத்துப் பேச நான் இங்கே நிற்கவில்லை. மெல்லிய காபன் இழைகளை எப்பொக்சிப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காகத் திசை மாற்றி வைத்து, அச்சில் அழுத்திச் சூடாக்கி எடுக்கிறார்கள். இழையின் திசையில் அபாரமான வலு. எந்த இடம் விறைப்பாக இருக்க வேண்டும், எந்த இடம் சற்று வளைய வேண்டும் என்று வடிவமைப்பவர் தீர்மானிக்கலாம். உருக்கிலும் அலுமினியத்திலும் இந்தச் சுதந்திரம் இல்லை. கிரெக் லெமொண்ட் 1986இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்றது காபன் குழாய்ப் பிரேமில். சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று 2000ஆம் ஆண்டில் விதி வைத்தது. இன்று காபனில் அந்த எல்லையைத் தொடுவது கடினமில்லை.

ஆனால் சைக்கிள் பிரேம் என்பது இரண்டு முக்கோணம். முக்கோணம் வடிவம் மாறாது. அதனால்தான் பாலத்திலும் கூரையிலும் முக்கோணம் வைக்கிறோம். பின்சில்லிலிருந்து நேர் மேலே வரும் இடிக்கு அந்த முக்கோணம் விட்டுக்கொடுப்பது மிகச் சிறிது, எந்தப் பொருளால் செய்தாலும். அதே இடியில் டயர் பல மில்லிமீற்றர் அமுங்குகிறது. பிரேமைச் சேர்ந்த உறுப்புகளில் உண்மையாக வளைவது சீட்டைத் தாங்கும் கம்பம். அது மெல்லிதாக, 27.2 மில்லிமீற்றர் விட்டத்தில், காபனால், வெளியே நீளமாகத் தெரியும்படி இருந்தால் உட்காருமிடத்தில் வித்தியாசம் தெரியும். மேற்குழாய் சரிவாக இருக்கும் பிரேம்களில் சுகம் கூடுவது இதனால்தான். கம்பனிகளுக்கும் இது தெரியும். ட்ரெக் 2012இல் டொமேன் சைக்கிளில் சீட் குழாயைத் தனியாக அசையும்படி மூட்டு வைத்ததும், ஸ்பெஷலைஸ்ட் 2016இல் ரூபே சைக்கிளின் ஹாண்டிலுக்குக் கீழே சுருள்வில் வைத்ததும் காபன் இழை மட்டும் அந்த வேலையைச் செய்யாது என்பதால்தான். விளம்பரத்தில் "எங்கள் காபன் அதிர்வை விழுங்கும்" என்று எழுதியிருந்தால், அதே பக்கத்தில் டயர் அகலம் எத்தனை என்று தேடிப் பாருங்கள். இரண்டு சைக்கிளுக்கும் ஒரே டயர், ஒரே காற்று, ஒரே சீட் என்று வைத்து ஓடிப் பார்க்காமல் பிரேமின் சுகத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காபன் பிரேமில் டயருக்கான இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இங்கே திருத்துநர்கள் நன்றாக அறிவார்கள். உருக்குப் பிரேமில் பின்சில்லின் இரண்டு பக்கக் குழாய்களையும் தட்டி அமுக்கி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடம் எடுக்கலாம். காபனைத் தட்ட முடியாது, அராவவும் கூடாது. அச்சிலிருந்து வந்த நாளில் எவ்வளவு இடம் இருந்ததோ அதுதான் கடைசிவரை. மேலும் காபன் குழாய்கள் பருமனானவை. பெடல் அச்சுக்குப் பக்கத்தில் செயின் பல்சில்லு, கிராங்க், டயர் மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பழைய பந்தயப் பிரேம்களில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் மேலே வந்து தடுக்கும். அதற்குள் 25, மிஞ்சினால் 28. சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் 2018 ஜூலையில் வீதிப் பந்தயத்துக்கு டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்த பிறகுதான் பிரேக் ரிம்மை விட்டு அச்சுக்குப் போனது, டயருக்கும் மேலே இடம் கிடைத்தது. அதனால் 2015க்கு முந்திய பந்தயக் காபன் பிரேம் ஒன்று குறைந்த விலையில் கைக்கு வந்தால், அதன் நிறையையும் பெயரையும் பார்த்து மயங்குவதற்கு முன் டயர் ஓடும் இடத்தைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? திருத்துநர் வைத்திருக்கும் அலன் கீ போதும். டயரைப் பூட்டிக் காற்றடித்து, ஒரு நாள் விட்டு, டயருக்கும் பிரேமுக்கும் நடுவே 6 மில்லிமீற்றர் அலன் கீயை நுழைத்துப் பாருங்கள். பின்சில்லின் இரண்டு பக்கமும், சீட் குழாய்ப் பக்கமும், முன் போர்க்கின் உச்சியிலும். காபட் வீதியில் மட்டும் ஓடும் பந்தயச் சைக்கிளுக்கு 4 மில்லிமீற்றர் இருந்தாலும் சமாளிக்கலாம். கிரவலுக்கும் மாரிச் சேற்றுக்கும் 6க்குக் குறையக் கூடாது. ஒரு சில்லுக் கம்பி அறுந்தால் சில்லு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆடும். அந்த நேரத்தில் வீடு வந்து சேர அந்த இடைவெளி வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 28 என்று எழுதிய டயர் அகலமான ரிம்மில் ஏறினால் 30 ஆக விரியும். வேர்னியர் இடுக்கிமானியால் அளந்து பார்ப்பதே சரி. பிரேம் செய்தவர் குறிப்பிட்ட உச்ச அகலத்தை மீறவும் கூடாது.

பிரேமில் டிஸ்க் பிரேக் இருந்து, இடம் கொஞ்சம் போதாமல் இருந்தால் ஒரு வழி உண்டு. 622 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரிம்மில் 28 மில்லிமீற்றர் டயர் என்றால் சில்லின் மொத்த விட்டம் 678. 584 ரிம்மில் 47 மில்லிமீற்றர் டயர் போட்டாலும் 678தான். சில்லைச் சிறிதாக்கி டயரைப் பெரிதாக்கலாம். பக்கவாட்டு அகலம் இடம் கொடுக்கும் பிரேம்களில் மட்டும்.

இடைவெளி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கடற்கரை மணலே விடை. டயரில் ஒட்டிய மணல், ஒடுங்கிய இடத்தில் பிரேமோடு உரசிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்கு ஒரு சிறு சத்தம் மட்டும் கேட்கும். முதலில் பூச்சு, பிறகு மேல் அடுக்கு, பிறகு வலுத்தாங்கும் இழை. உருக்கு உரசினால் கண்ணுக்குத் தெரியும்படி துருப்பிடிக்கும். காபன் எச்சரிக்காமல் மெலிந்துகொண்டே போய் ஒரு நாள் உடையும்.

துறைமுக ஊர்க்காரருக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், தலைப்பிலிருந்து சற்று விலகினாலும். காபன் மின்னைக் கடத்தும். காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன மின்கலமாகிவிடும், அரிக்கப்படுவது அலுமினியம். காபன் பிரேமுக்குள் இறக்கிய அலுமினியச் சீட் கம்பம் வெள்ளைத் தூள் பூத்து இறுகிப்போவதும், போத்தல் தாங்கியின் திருகுமரை அப்படியே கழன்று வருவதும் இதனால்தான். நல்ல பிரேம்களில் இடையில் கண்ணாடி இழை வைத்துப் பிரித்திருப்பார்கள். எதுவானாலும் கடற்கரை ஓடி வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை சீட் கம்பத்தை வெளியே எடுத்துத் துடைத்து, காபனுக்கென்று வரும் பசையைப் பூசி இறக்குங்கள். டச்பே கடற்காற்றில் இதைச் செய்யாமல் இரண்டு வருடம் விட்டால், பிறகு அந்தக் கம்பத்தை வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

இவ்வளவும் கேட்ட பெரியவர்கள் மனதுக்குள் ஒன்று நினைத்திருப்பார்கள். அப்பா வைத்திருந்த பெரிய சைக்கிள், ரலியோ ஹம்பரோ, பிறகு இந்தியாவிலிருந்து வந்த ஹீரோவோ, அம்பத்தூரில் செய்த ஹேர்க்குலிஸோ, அது எந்த வீதியிலும் போனதே என்று. போனது. அந்த டயரில் 28×1½ என்று அச்சிட்டிருக்கும். சர்வதேச எண் 40-635. அதாவது 40 மில்லிமீற்றர் அகலம். மட்காட் பூட்டியும் சேறு வழிந்தோட இடம் இருந்தது. சந்தையிலிருந்து மீன் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர்களை அந்த 40 மில்லிமீற்றர்தான் தாங்கியது. இன்று உலகம் கிரவல் சைக்கிள் என்று பெயரிட்டுப் பெரிய விலைக்கு விற்பதும் 40, 45 மில்லிமீற்றர் டயர் ஏறும் பிரேம்தான். நிறை பாதிக்கும் கீழே வந்திருக்கிறது, பிரேக் நன்றாகியிருக்கிறது, கியர் வந்திருக்கிறது. டயரின் அகலத்தில் எங்கள் வீதிக்குச் சரியான அளவு அன்றே இருந்தது.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிளின் விலைச்சீட்டில் பிரேமில் ஏறக்கூடிய உச்ச டயர் அகலத்தையும் எழுதுங்கள். ஒரு வரி போதும். வாங்குபவர் பல வருடம் உங்களை நன்றியோடு நினைப்பார்.

இறப்பரைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். இந்த நாட்டிலிருந்து திண்ம டயர்கள் உலகெங்கும் தொழிற்சாலை வண்டிகளுக்குப் போகின்றன. சைக்கிள் டயரும் இங்கே செய்கிறோம். 622 ரிம்முக்கு 35, 40 மில்லிமீற்றரில், மெல்லிய துணியில், நல்ல இறப்பரில் ஒரு டயரை எங்கள் விலைக்கு எங்கள் தொழிற்சாலைகள் செய்து தர வேண்டும். வெளிநாட்டு டயர் இரண்டின் விலை பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் செலவு. மரமும் பாலும் ஆலையும் தொழில் தெரிந்த கைகளும் இங்கே இருக்கும்போது அது இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கப் போகும் இளையவர்களுக்கு: உங்கள் காசு சிரமப்பட்டுச் சேர்த்தது. காபன் வாங்குங்கள், உருக்கு வாங்குங்கள், அலுமினியம் வாங்குங்கள். அது உங்கள் வசதி. கையில் 6 மில்லிமீற்றர் அலன் கீ ஒன்றைக் கொண்டுபோங்கள். 35 மில்லிமீற்றர் டயர் பூட்டி, இரண்டு பக்கமும் அந்தக் கீ நுழையாத பிரேமை, எவ்வளவு பெரிய பெயர் அதில் எழுதியிருந்தாலும், இந்த மாவட்டத்து வீதிக்கு வாங்காதீர்கள்.